கேடயம் வரவேற்பறையில், இரண்டாவது பதிவேடு இழுப்பறையில்

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னால் இது: ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறார். நிறுவனம் பள்ளிக்கூடத்துக்குக் கணினி கொடுக்கிறது, மரம் நடுகிறது, இரத்ததான முகாம் நடத்துகிறது. சமூகப் பொறுப்புக்காக வாங்கிய கேடயம் வரவேற்பறையில் இருக்கிறது. ஆனால் சமூகத் தணிக்கை (ஆடை வாங்கும் நிறுவனங்களுக்காக ஆலையின் வேலை நிலைமையைச் சோதிக்கும் ஆய்வு) வருவதற்கு ஒரு வாரம் முன்பு, ஓவர்டைம் நேரத்தைக் குறைத்துக் காட்டி இன்னொரு வருகைப் பதிவேடு தயாரிக்கச் சொல்கிறார்கள்; அதை எழுதுவதும் இவர்தான். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தப் பதிவேட்டிலும் இல்லை, இந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி. கடைசியில், “நிறுவனச் சமூகப் பொறுப்பும் நியாயமான தொழிலாளர் தரமும் ஒன்றா, வேறா? இதெல்லாம் நடைமுறையில் சாத்தியமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பார்த்தால் வரையறை கேட்பது போல இருக்கிறது. ஆனால் வரையறை வேண்டுமென்றால் யாரும் இழுப்பறைக்குள் இருக்கும் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். “நான் செய்வது தவறா? எல்லாரும் செய்வதுதானே? தவறு என்றால், வேலையை விடாமல் அதிலிருந்து வெளியே வர வழி உண்டா?” என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் 14 ஆண்டுகள் சமூகத் தணிக்கை வேலை பார்த்தவன். முதல் எட்டு ஆண்டுகள் ஆலை ஆலையாகப் போய்ப் பதிவேடு புரட்டினேன். பிறகு ஆடை வாங்கும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய தணிக்கை அறிக்கைகளைப் படித்தேன். ஆடை, காலணித் தொழில்கள் எனக்குப் பழக்கம். சுரங்கம், தோட்டம், கட்டுமானம் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். வழக்கறிஞனும் இல்லை, சட்டம் என்று சொல்லும் இடங்களை உங்கள் நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியும் மரமும் இரத்ததானமும் லாபத்தில் ஒரு பங்கை எப்படிச் செலவழிப்பது என்ற கணக்கைச் சேர்ந்தவை. தொழிலாளர் தரம் அந்த லாபம் எப்படி வந்தது என்ற கணக்கைச் சேர்ந்தது. முன்னதில் எவ்வளவு தாராளம் காட்டினாலும் பின்னதில் நிற்கும் பாக்கி கழியாது. இது என் சொந்த வேதாந்தம் என்று நினைக்க வேண்டாம். வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டும் நெறிகளை ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் 2011 ஜூனில் ஒருமனதாக ஏற்றது. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் ஆறு ஆண்டுகள் உலகம் சுற்றி, நிறுவனங்களோடும் தொழிற்சங்கங்களோடும் பேசி உருவாக்கியவை அவை. அதன் 11ஆம் நெறிக்கான விளக்கம் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது: நிறுவனங்கள் வேறு நற்பணிகள் செய்யலாம், ஆனால் தங்கள் செயல்பாட்டில் மனித உரிமைகளை மதிக்கத் தவறியதை அவை ஈடுகட்டா. அதே 2011இல் ஐரோப்பிய ஆணையமும் தன் பழைய வரையறையைத் திருத்தியது. 2001இல் சமூகப் பொறுப்பு என்றால் நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வது என்று எழுதியிருந்தவர்கள், சமூகத்தின் மேல் தாங்கள் உண்டாக்கும் விளைவுகளுக்கு நிறுவனங்கள் ஏற்கும் பொறுப்பு என்று மாற்றினார்கள். ஆக, ஏட்டளவில் தொழிலாளர் தரம் சமூகப் பொறுப்பின் உள்ளே, அதுவும் நடுவில் இருக்கிறது.

ஏட்டுக்கு வெளியே வேறு கதை. இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அதில் சேர்க்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், கூலியைத் தர்மக் கணக்கில் எழுத விடக் கூடாது அல்லவா? ஆனால் அதையே நிர்வாகங்கள் வேறு மாதிரிப் படித்துக்கொண்டுவிட்டன. சமூகம் என்றால் மதில் சுவருக்கு வெளியே இருப்பது என்று ஆகிவிட்டது. நான் போன ஆலைகளில் சமூகப் பணியைப் பார்ப்பவர் ஒருவர், தொழிலாளர் விவகாரத்தைப் பார்ப்பவர் இன்னொருவர். இருவருக்கும் தனித்தனி பட்ஜெட், தனித்தனி மேலதிகாரி. உங்கள் கேடயத்தைக் கொடுத்த குழுவும் உங்கள் சம்பளப் பட்டியலைப் பார்த்திருக்காது. பார்க்கச் சொல்லி யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இதோடு இன்னொன்று: சமூகப் பொறுப்புக்கான ஐஎஸ்ஓ 26000 என்ற ஆவணம் 2010இல் வந்தது. அது வழிகாட்டி மட்டுமே. அதற்குச் சான்றிதழ் என்ற ஒன்றே கிடையாது. உங்கள் வரவேற்பறையில் ‘ஐஎஸ்ஓ 26000 சான்று பெற்றது’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஒன்று மாட்டியிருந்தால், அதை விற்றவர் நல்ல வியாபாரி.

இனி, தொழிலாளர் தரம் என்றால் என்ன? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தொடங்கியது. அதன் முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 1998இல் அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளை நான்காகத் தொகுத்தது. சங்கம் சேர்ந்து கூட்டாகப் பேரம் பேசும் உரிமை, கட்டாய உழைப்பு கூடாது, குழந்தைத் தொழில் கூடாது, பாகுபாடு கூடாது. 2022இல் ஐந்தாவதாகப் பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் சேர்ந்தது. இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கூலி இல்லை. வேலை நேரமும் இல்லை. தொழிலாளர்கள் அன்றாடம் சண்டை போடும் இரண்டு விஷயங்களும் அடிப்படை உரிமைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவற்றைப் பேசி வாங்கிக்கொள்ளும் உரிமைதான் முதலில் நிற்கிறது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இது ஆழ்ந்த யோசனையாகவே படுகிறது, காரணம் பின்னால் வரும்.

நேரமும் கூலியும் உள்நாட்டுச் சட்டத்திலிருந்தும், வாங்கும் நிறுவனங்களின் நடத்தை விதிகளிலிருந்தும் வருகின்றன. ஆடைத் துறையில் நீங்கள் காணும் விதிகள் பெரும்பாலும் ஒரே அச்சு: வாரம் 48 மணி, அதற்கு மேல் 12 மணி ஓவர்டைம், மொத்தம் 60, ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் ஓய்வு, ஓவர்டைம் தொழிலாளியின் சம்மதத்தோடு. ஓவர்டைம் கூலி 1919 உடன்படிக்கையில் குறைந்தது ஒன்றேகால் மடங்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒன்றரை. இந்தியாவில் இரண்டு மடங்கு. உங்கள் ஆலையின் இரண்டாவது பதிவேடு பிறந்தது இந்த 60 என்ற எண்ணுக்காகத்தான் என்று பந்தயம் கட்டுவேன். இரட்டிப்புக் கூலியைத் தவிர்க்க நினைக்கும் ஆலைகளும் உண்டு. அங்கே கூடுதல் நேரத்துக்கான பணம் ‘ஊக்கத்தொகை’ என்ற பெயரில், ஊதியச் சீட்டில் ஏறாமல், உறையில் போட்டுக் கைக்கு வரும். உங்களிடம் அந்த உறை உண்டா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை.

பொய்ப் பதிவேட்டை எப்படிக் கண்டுபிடிப்போம் என்பதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. உண்மையான பதிவேடு அழுக்காக இருக்கும். ஒருவர் 8:52க்கு வருவார், ஒருவர் 9:04க்கு வருவார், இன்னொருவர் விரல் பதியாமல் பேனாவால் எழுதித் திருத்தியிருப்பார். பொய்ப் பதிவேட்டில் 300 பேரும் ஒரே நிமிடத்தில் வந்து ஒரே நிமிடத்தில் போவார்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே அழுத்தம். தாளின் மூலைகள்கூட மடங்கியிருக்காது. இதைச் சரிசெய்ய இப்போது கணினியில் நிமிடங்களைத் தாறுமாறாகப் போடும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருளுக்கு ஊசி நோட்டு தெரியாது. தையல் இயந்திரத்தில் ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் செலோடேப்பால் ஒட்டி, தேதி, நேரம், இயந்திர எண் எழுத வேண்டும். குழந்தைச் சட்டைக்குள் ஊசி முனை தங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு வைக்கும் நோட்டு அது. அப்படி ஒன்று இருப்பதே சம்பளப் பிரிவுக்கு நினைவிருக்காது. நான் போன ஓர் ஆலையில், குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று வருகைப் பதிவேடு சொன்னது. ஊசி நோட்டில் அதே ஞாயிறு இரவு 9:40க்கு, 17ஆம் எண் இயந்திரத்தில் ஊசி உடைந்திருந்தது. மூன்று துண்டுகளும் டேப்புக்கு அடியில் பளபளத்தன.

அந்த அறிக்கையை எழுதிவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன். வாங்கும் நிறுவனம் அடுத்த பருவத்துக்கான ஆர்டரை நிறுத்தியது. ஆலை இரண்டு தையல் லைன்களை மூடியது. நான்கு மாதம் கழித்து வேறோர் ஆலைக்குப் போனபோது, 17ஆம் எண் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா அங்கே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தையல்காரராக இருந்தவர் உதவியாளராகியிருந்தார், கூலியும் அதற்கேற்பக் குறைந்திருந்தது. என்னை அவருக்கு நினைவிருந்தது. கோபமாகப் பேசவில்லை. “சார், ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்திவிட்டீர்கள், சரி. வாடகையை யார் நிறுத்துவார்கள்?” என்று மட்டும் கேட்டார். கத்தரிக்கோலை அவர் கீழே வைக்கவும் இல்லை.

ஆகவே “தொழிலாளர்களே ஓவர்டைம் கேட்கிறார்கள்” என்று உங்கள் மேலாளர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. 48 மணி நேர உழைப்பின் கூலியில் குடும்பம் நடக்காத இடத்தில் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அந்தச் சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ணுவதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வாழ்வதற்குப் போதுமான கூலி என்றால் என்ன என்பதில் 2024 வரை சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்குள்ளேயே பொது வரையறை இல்லை. அந்த ஆண்டுதான் அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து ஒத்துக்கொண்டார்கள். வரையறை வந்துவிட்டது. அதை ஓர் ஊருக்கான தொகையாக மாற்றும்போது இப்போதும் ஆளுக்கு ஒரு கணக்கு. குடும்பத்தில் எத்தனை பேர், சம்பாதிப்பவர் எத்தனை பேர், வாடகை எவ்வளவு என்பதிலேயே விடை இரண்டு மடங்கு வரை மாறிவிடும். யாராவது ஒரே எண்ணைச் சொல்லி இதுதான் வாழ்கூலி என்றால், எந்தக் குடும்பத்துக்கு என்று கேளுங்கள்.

கூலி ஏன் ஏறவில்லை, நேரம் ஏன் நீள்கிறது என்பதற்குப் பாதி விடை ஆலைக்கு வெளியே இருக்கிறது. 2016இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 87 நாடுகளில் 1,454 சப்ளையர்களிடம் கேட்டது. அவர்களில் 39 சதவீதம் பேர் உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலைக்கு ஆர்டர் எடுத்ததாகச் சொன்னார்கள். நஷ்டத்துக்கு ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். எடுக்காவிட்டால் அடுத்த பருவத்தில் கூப்பிட மாட்டார்கள். அந்த நஷ்டம் எங்கேயாவது இறங்கியாக வேண்டும். துணி விலையிலும் மின்கட்டணத்திலும் இறங்காது. தேதியின் கதையும் இதுதான். மாதிரி உடைக்கு ஒப்புதல் கொடுக்க வாங்குபவர் ஒன்பது நாள் தாமதிப்பார், நடுவில் பொத்தானின் நிறத்தை மாற்றுவார், கப்பல் தேதி மட்டும் நகராது. கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவு ஆலையின் தலையில். கொள்முதல் அலுவலகத்தில் இருந்தபோது இதை நானே பார்த்தேன். ஒரு ஆலைக்கு, வாரம் 60 மணியைத் தாண்டக் கூடாது என்று காலையில் நான் மின்னஞ்சல் அனுப்பினேன். அதே ஆலைக்கு, எண்ணிக்கையை 20 சதவீதம் கூட்டுங்கள், தேதி மாறாது என்று பக்கத்து மேசைக்காரர் மதியம் அனுப்பினார். இரண்டும் ஒரே நிறுவனத்தின் முகவரியிலிருந்து போனவை. ஆலை எதற்குப் பணியும் என்பதை ஊகிக்க 14 வருட அனுபவம் தேவையில்லை.

தணிக்கையால் என்ன பயன் என்பதிலும் மழுப்ப விரும்பவில்லை. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் ஓர் ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகள் பூட்டு. வேலை நிலைமைக்காகத் தரப்படும் எஸ்ஏ 8000 என்ற மதிப்புமிக்க சான்றிதழை அந்த ஆலை சில வாரங்களுக்கு முன்புதான் வாங்கியிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முந்தின நாளே சுவர் விரிசல் விட்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேல்தளத்து ஆடைத் தொழிலாளர்கள், சம்பளம் போய்விடும் என்ற மிரட்டலில் உள்ளே போனார்கள். அங்கிருந்த ஆலைகள் சிலவற்றில் சமூகத் தணிக்கை நடந்திருந்தது. கட்டடத்தின் தூணைப் பார்ப்பது தணிக்கையாளரின் வேலைப் பட்டியலில் இல்லை. நான் அந்த இரண்டு இடங்களுக்கும் போனவன் இல்லை. ஆனால் செய்தி வந்த அன்று, என் பழைய அறிக்கைகளில் ‘அவசர வழி: சரி’ என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். நான் பார்த்த நாளில் கதவு திறந்திருந்தது. அதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது.

தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் தணிக்கைக்கு உள்ளாகும் ஆலையே. இருவர் ஒரு நாள் வருவார்கள், அல்லது ஒருவர் இரண்டு நாள் வருவார். நாள் முன்கூட்டியே தெரியும். கையுறைகளில் கடையில் மடித்த மடிப்பு கலையாமல் இருக்கும். பேட்டிக்கு வரும் தொழிலாளர்கள், “எட்டு மணி நேரம்தான், ஞாயிறு விடுமுறை, குறை எதுவும் இல்லை” என்று அதே வரிசையில், அதே சொற்களில் சொல்வார்கள். ரிச்சர்ட் லாக் என்ற ஆய்வாளர் நைக் நிறுவனத்தின் 800க்கும் மேற்பட்ட சப்ளையர் ஆலைகளின் தணிக்கைத் தரவுகளைப் புரட்டிப் பார்த்தார். சிலவற்றில் நிலைமை சீராகியிருந்தது, பலவற்றில் அப்படியே இருந்தது, சிலவற்றில் மோசமாகியிருந்தது. என் அனுபவமும் அதுவே. குழந்தைத் தொழில், தீயணைப்புக் கருவி, கழிப்பறை போன்ற கண்ணுக்குத் தெரிபவற்றைத் தணிக்கை ஓரளவு மாற்றியிருக்கிறது. கூலி, நேரம், மிரட்டல், சங்கம் சேரும் உரிமை ஆகியவற்றை அது தொட்டதாகச் சொல்ல மாட்டேன்.

தொட்டது எது? ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 மே மாதம் வங்கதேசத்தில் கையெழுத்தான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு நான் நம்பும் உதாரணம். 200க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து கையெழுத்திட்டன. அந்தக் கையெழுத்து சட்டப்படி கட்டுப்படுத்துவது. மீறினால் நடுவர் மன்றம் வரை இழுக்கலாம். இழுத்தும் இருக்கிறார்கள்; 2018 ஜனவரியில் ஒரு பன்னாட்டு நிறுவனம் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. பொறியாளர்கள் போய்த் தூணைப் பார்த்தார்கள், அறிக்கை ஆலையின் பெயரோடு வெளியானது, ஆபத்தான கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவின் ஜீன்ஸ் ஆலைகளில் 2019இலும், திண்டுக்கல்லில் 2022இலும், பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இதே அச்சில் உடன்பாடுகள் வந்தன. மூன்றிலும் பொதுவாக இருப்பது, தொழிலாளர் சங்கம் ஒரு தரப்பாக நின்று கையெழுத்திட்டது. அடிப்படை உரிமைகளில் சங்கம் முதலில் நிற்பதை ஆழ்ந்த யோசனை என்று சொன்னேனே, இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடியதா என்பதை அறியத் தொழிலாளர்களுக்கு ஊசி நோட்டு வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை வராது என்ற உத்தரவாதம்தான் வேண்டும்.

ஆனால் இந்த உடன்பாடுகள் எல்லாமே பெரிய மரணத்துக்குப் பிறகோ பெரிய அவமானத்துக்குப் பிறகோ வந்தவை. அப்படி ஒரு நெருக்கடி இல்லாமல் சாதாரண ஆலைகளுக்கு இது பரவுமா என்பதில் எனக்கு நிச்சயம் இல்லை. சட்டம் வழியாக அழுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன: பிரான்ஸ் 2017இல், ஜெர்மனி 2023இலிருந்து, பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடம் நடப்பதற்கும் கவனம் எடுக்க வேண்டும் என்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொதுவான ஆணை ஒன்றை நிறைவேற்றி, அடுத்த ஆண்டே அதன் தேதியைத் தள்ளிப்போட்டது. இதன் பலன் தையல் லைன் வரை இறங்குமா, அல்லது உங்கள் மேசைக்கு இன்னும் நான்கு படிவங்களாக வந்து சேருமா என்பது இனிமேல்தான் தெரியும். நல்ல தரம் வைத்தால் லாபமும் கூடும் என்று மாநாடுகளில் சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டாம். ஆட்கள் விட்டுப் போவது குறையும், தையல் பிழை குறையும். அதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மிச்சம் கூடுதல் கூலியை ஈடுகட்டும் என்று எல்லா ஆலைக்கும் சொல்ல முடியாது. ஈடுகட்டாவிட்டாலும் கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான்.

இனி உங்களுக்கு. ஆம், தவறுதான். செய்த வேலையைச் செய்யவில்லை என்று எழுதுவது, நாளைக்கு ஒரு தொழிலாளி கூலிப் பாக்கி கேட்டுப் போகும்போது அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சியை அழிப்பதாகும். ஞாயிறு இரவு விரல் துண்டிக்கப்பட்டால், அன்று அவர் ஆலையிலேயே இல்லை என்று உங்கள் பதிவேடு சொல்லும். எல்லாரும் செய்வதுதானா என்றால், எல்லாரும் இல்லை, நிறையப் பேர். உங்கள் மேலாளருக்குத் தெரியாதிருக்கலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்: வாங்கும் நிறுவனங்களில் பல, அதிக நேர வேலையையும் பொய்ப் பதிவேட்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. 68 மணி என்று உண்மையைக் காட்டும் ஆலைக்குத் திருத்தத் திட்டமும் கால அவகாசமும் தருவார்கள். 58 என்று காட்டி மாட்டிக்கொள்ளும் ஆலை ஆர்டரையே இழக்கும். எல்லா நிறுவனமும் அப்படி என்று உத்தரவாதம் தர மாட்டேன். உண்மையைக் காட்டியதற்கே ஆர்டரை வெட்டியவர்களும் உண்டு. நான் இருந்த அலுவலகத்திலேயே ஒரு முறை நடந்தது. ஆகவே முதலில் உங்கள் வாங்குபவரின் தணிக்கை விதியை எடுத்து, பொய் ஆவணத்தை எந்த வகையில் வைத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். அந்தப் பக்கத்தோடு மேலாளரிடம் போங்கள். மனசாட்சி என்ற பேச்சை எடுக்காமல் ஆர்டர் அபாயம் என்று பேச்சைத் தொடங்குங்கள். அதுதான் அவர் காதில் விழும். கூடவே, எந்த வாரங்களில் நேரம் 60ஐத் தாண்டியது, அந்த வாரங்களில் மாதிரி ஒப்புதல் எத்தனை நாள் தாமதமானது என்று இரண்டு பத்தியாக ஒரு தாள் போட்டுக் கொடுங்கள். இப்படி ஒரு தாளைக் கொடுத்த ஆலைக்கு வாங்குபவர் கப்பல் தேதியை எட்டு நாள் தள்ளிவைத்ததை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைதான், ஆனால் நடந்தது.

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கவலையாக இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியின் நேரம் குறைத்து எழுதப்பட்டாலும் அவர் பெயராவது ஏட்டில் இருக்கிறது. கான்ட்ராக்டர் கூட்டிவரும் ஆள் எந்த ஏட்டிலும் இல்லை என்றால், விபத்து நடந்த நாளில் அவர் யார் என்றே கேள்வி வரும். வாயிற்காவலரிடம் ஒரு நோட்டு இருக்கும், அதில் தலை எண்ணிக்கையாவது இருக்கும். அந்த எண்ணிக்கையைப் பெயர்களாக மாற்றி, தினமும் ஒரு பட்டியலாக உங்கள் பிரிவுக்கு வரவைக்க முடியுமா என்று பாருங்கள். ‘தீ விபத்தின்போது தலை எண்ணுவதற்காக’ என்று காரணம் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். அது உண்மையான காரணமும்கூட.

உங்கள் வேலை போகாது என்று நான் சொல்ல முடியாது. தனியாகப் போய்த் தணிக்கையாளரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பெயர் வெளியே போகாது என்று நானும் பலருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதில் இரண்டு முறை போய்விட்டது. மேலாளர் மறுத்துவிட்டு, மறுபடியும் எழுதச் சொன்னால், அந்த உத்தரவை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டார். அப்போது, இன்ன தேதியில் இன்னார் வாய்மொழியாகச் சொன்னார் என்று உங்கள் சொந்த நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆலையின் ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். அதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ கேளுங்கள். அவர்களிடம் போகும்போது, அந்த இரண்டாவது பதிவேட்டில் ‘சரிபார்த்தது’ என்ற இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு போங்கள். முதலில் கேட்பார்கள்.